பந்தல் போட்டவர்களின் ஓட்டு

பிப்ரவரி 2

ஊசி,

இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன் அல்லவா? அதிலிருந்து நான் மாறவில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே போன் அடித்து அடித்துப் பார்க்காதே. உன் மாமாவின் போனுக்கும் அடிக்காதே. அவர் எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து முழிக்கிறார், பாவமாக இருக்கிறது.

நீ நர்ஸுக்குப் படித்தவள். தூரத்து மலையில் ஒரு சுகாதார நிலையமே உன் பொறுப்பில் நடக்கிறது. சந்தோஷம். அதற்காக, "ஓட்டுப் போடாத தெருவுக்கு வைத்தியம் எப்படி வரும்?" என்று நம் ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது கேட்டுவிட்டுப் பஸ் ஏறினாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடப்பாரைகூடத் தலையைக் குனிந்துகொண்டான். முளை அடிப்பதிலும் பிடுங்குவதிலும் அவனுக்கு இணை கிடையாது என்று நாமே வைத்த பெயர் அது. அவன் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

நம் தெரு முழுக்கப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர்கள். தேர்தல் நாளில் இந்த நகரத்தில் எத்தனை பூத் உண்டோ அத்தனைக்கும் நிழல் நம்முடையது. முதல் நாளே போட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் பிரிக்கும்வரை ஒவ்வொரு பூத்திலும் நம் ஆள் காவல் இருக்க வேண்டும். கண் அசந்தால் நாற்காலி நடக்க ஆரம்பித்துவிடும், உனக்குத் தெரியாததா? இதில் நம் பூத்துக்கு வந்து வரிசையில் நிற்க யாருக்கு நேரம்? ஓட்டுப் போட்டால் அன்றைக்கு அடுப்பு எரியுமா?

தலைசுற்றல் எப்படி இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டாயாமே. எப்போதாவதுதான் வருகிறது. ஏணியில் ஏறும்போது மட்டும். வெயில்தான் காரணம்.

உன்னோடு பேசாத
அக்கா

*

பிப்ரவரி 11

பேசாத அக்காவுக்கு,

வெயில் காரணம் இல்லை. ஜனவரியில் எங்கே இருந்தது வெயில்?

நான் எல்லோர் முன்னாலும் கேட்டது தப்பு. தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்டது சரிதான். ஏன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். இந்த மலைக்கு வருவதற்கு முன்னால் நான் நகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குப் போனேன். நம் தெருக்கோடி கிளினிக்கைத் திரும்பத் திறந்து என்னை அங்கேயே போடுங்கள் என்று கேட்டேன். அங்கே ஒரு வயதான அதிகாரி, நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "ரெண்டு கிளினிக்ல ஒண்ணை மூடணும்னு மேலேருந்து வந்துச்சும்மா. எதை மூடினா சத்தம் வராதோ அதை மூடிட்டாங்க. மேட்டுத் தெருவுல எல்லாரும் ஓட்டுப் போடுறவங்க. உங்க தெரு பூத்துல அதிகாரிங்க ஈ ஓட்டிட்டு இருப்பாங்க. உங்க மேல கோபம் எல்லாம் இல்ல. நீங்க கணக்குலயே இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

கோபம் இருந்தால்கூடச் சண்டை போடலாம், அக்கா. கணக்கிலேயே இல்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அம்மா விழுந்த அன்று அந்தக் கிளினிக் பூட்டிக் கிடந்தது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்ததே நமக்கு அவள் போன பிறகுதான் தெரியும். அம்மா போன வயது உனக்கு வந்துகொண்டிருக்கிறது. உனக்குத் தலை சுற்றுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் ஒரு நாள் பொழைப்பு போய்விடும் என்கிறாய். நான் இங்கே ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தினமும் பிரஷர் பார்த்து எழுதுகிறேன். ஒவ்வொரு கையிலும் பட்டையைச் சுற்றும்போது உன் கை ஞாபகம் வருகிறது. அந்த ஆத்திரத்தில்தான் அன்று அப்படிக் கேட்டுவிட்டேன்.

ஊசி

*

பிப்ரவரி 20

ஊசி,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "கணக்குலயே இல்லையாமா நாம?" என்று கேட்டுவிட்டு வெளியே போனவர், வெகுநேரம் பந்தல் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கடப்பாரையிடம் சொல்லியிருக்கிறார். கடப்பாரையிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. இப்போது தெரு முழுக்க அதே பேச்சு.

ஆனால் உன்னை அவ்வளவு சுலபத்தில் விடுவேனா? போன வாரம் பெயர் சரிபார்க்க வீடு வீடாக வந்தார்கள். நம் வீட்டு ஆட்களைப் படித்துக்கொண்டு வரும்போது உன் பெயரையும் படித்தார்கள். உன் ஓட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது, அம்மணி! நீ மலையேறின பிறகு ஒரு தேர்தல் வந்து போயிற்று. அன்றைக்கு நீ வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊருக்கு ஊசி போடுகிறவள் தனக்கு மட்டும் கையை ஒளித்துக்கொண்டாளா?

மார்ச் 22 தேர்தல். நாங்கள் எல்லோரும் போடுவதாகவே வைத்துக்கொள். நீ வருவாயா?

அக்கா

*

மார்ச் 1

அக்கா,

வாயை அடைத்துவிட்டாய். வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். நேரே பூத்துக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடுதான் உன் வாசலில் நிற்பேன். அதுவரைக்கும் நீயும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம்.

உண்மையாகவே எல்லோரும் போடப் போகிறீர்களா? அத்தனை பூத்துக்கும் யார் காவல்?

ஊசி

*

மார்ச் 9

ஊசி,

நம் வீட்டு முற்றத்தில் தெருவே கூடியது. நாற்காலிக்கா பஞ்சம்? ஆனால் எல்லோரும் நின்றுகொண்டேதான் கத்தினார்கள். "நான் இந்தப் பக்கம் வந்து ஓட்டுப் போட்டா அந்தப் பக்கம் பொருள் போயிடும். எவன் பொறுப்பு?" என்று பாதிப் பேர். "யாருக்குப் போட்டாலும் நம்ம தெரு சாக்கடை அதே சாக்கடைதான்" என்று மீதிப் பேர். நானும் இரண்டு கட்சியிலும் மாறி மாறிச் சேர்ந்து கத்தினேன். கடைசியில் கடப்பாரைதான் கேட்டான்: "ஊருக்கே பந்தல் போடுறோம். ஒரு தடவையாவது அதுக்குள்ள நின்னிருக்கோமா?" கத்திக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஏற்பாடு எளிதாக முடிந்தது. காலையில் பாதிப் பேர், மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர். ஆள் இல்லாத நேரத்துக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வரிசையிலும் எல்லா நாற்காலிகளின் பின்காலையும் ஒரே கயிற்றில் கோர்த்து இரண்டு முனையிலும் முளை அடித்துவிடுவது. உட்காரலாம், எழுந்திருக்கலாம். திருடுவதென்றால் வரிசையையே மொத்தமாகத் தூக்க வேண்டும். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இவ்வளவு நாள் இந்த மூளை எங்க இருந்துச்சு?" என்கிறார். இருந்த இடத்தில்தான் இருந்தது. கேட்டால்தானே?

நம் பூத் எங்கே தெரியுமா? தெருக்கோடி கிளினிக்கிலேயேதான். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிற கதவு ஓட்டு வாங்க மட்டும் திறக்கும்போலிருக்கிறது. பெருக்கிச் சுத்தம் செய்ய நான்தான் போனேன். சுவரில் எடை பார்க்கச் சொல்லும் பழைய படம் ஒன்று அப்படியே இருக்கிறது.

சீக்கிரம் வா.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

இதுதான் என் கடைசிக் கடிதம்.

மலைச்சரிவில் பஸ் பழுதாகி நின்றது. வேறு பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தேன். மத்தியானம் தாண்டிவிட்டது என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தால், கிளினிக் வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. பந்தல் இல்லை. வரிசை இல்லை. நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் நாற்காலிகளைச் சுமந்துகொண்டு போன ஒருவரிடம், "முடிஞ்சிருச்சாங்க?" என்று கேட்டேன். முகத்தைக்கூடத் திருப்பாமல், "முடிஞ்சுது, முடிஞ்சுது, வழிய விடுங்க" என்றார். ஆளே வரவில்லை என்று பூத்தையே மூடிவிட்டார்கள்போல என்று நினைத்தேன், உள்ளே எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அத்தனை வீராப்பும் இவ்வளவுதானா? அடுத்த வேலைக்குப் பொருள் போக வேண்டும் என்று பாதியிலேயே மூட்டை கட்டிவிட்டீர்கள், அப்படித்தானே? ஒரு நாள்கூட உங்களால் உட்கார முடியவில்லையே! உன் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். உள்ளே வந்திருந்தால் அழுதிருப்பேன். இப்போது மட்டும் என்ன, பஸ் முழுக்க அழுதுகொண்டேதான் வந்தேன்.

ஊசி

*

மார்ச் 30

அடியே ஊசி,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. மறுபடி படித்தேன், சிரிப்பு வந்தது. மாமாவுக்குச் சத்தமாகப் படித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கடப்பாரை மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, "என்னை வெட்டிப் போடுங்க" என்கிறான்.

நடந்ததைக் கேள். காலையில் பாதிப் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். சட்டை எல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வந்தார்கள். கடைசியில் கடப்பாரை உள்ளே போனான். வாழ்க்கையில் முதல் ஓட்டு. விரல் மையைப் பார்த்துக்கொண்டே வெளியே வருகிறான். வரிசை காலி. ஒரு ஆள் இல்லை. இத்தனை வருட வேலையில் பந்தலுக்கடியில் ஆள் இல்லை என்றால் அவன் கைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். மனது எங்கேயோ சந்தோஷத்தில் இருக்க, கை பாட்டுக்கு முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டது. ஒருவன் அவிழ்ப்பதைப் பார்த்தால் நம் ஆட்களால் சும்மா நிற்க முடியுமா? ஆளுக்கொரு கயிறு! யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மற்ற பூத்துகளிலிருந்து மத்தியான ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினால், பொட்டல் வெளி. தேர்தல் அதிகாரி வாசலில் வந்து நின்று, "ஏங்க, இங்க ஒரு பந்தல் இருந்துச்சே?" என்கிறார், கனவு கண்டோமோ என்கிற மாதிரி.

நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. ஆனால் பந்தல் பிரிந்ததைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று திரும்பிப் போனவர்கள் உன்னைப் போல் எத்தனையோ பேர். நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த அதிகாரிகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஏத்தினது எல்லாம் இறங்கட்டும்! மறுபடி போடு!" என்றேன். நம் ஆட்கள் அப்படி ஒரு வேகத்தில் பந்தல் போட்டு நான் பார்த்ததில்லை. கூலி இல்லாத வேலை என்ற முணுமுணுப்பும் இல்லை. கடப்பாரை வீடு வீடாக ஓடி, "முடியல! இன்னும் முடியல! நான்தான் முட்டாள்தனமா பிரிச்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டே கதவைத் தட்டினான். எந்தக் கட்சிக்காரனும் அப்படிப் பிரச்சாரம் செய்திருக்க மாட்டான். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள். இருட்டும்வரை கூட்டம்.

எல்லாப் பூத்திலிருந்தும் நாற்காலிகள் பத்திரமாக வந்துவிட்டன. ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் அதிகாரி, "உங்க வீட்டுல ஒரு பேர் பாக்கி இருக்கே, வரலையா?" என்று உன் பெயரைச் சொன்னார். "அவ ஓட்டுப் போடச் சொல்ற ஆளு சார், போடுற ஆளு இல்ல" என்றேன். இனி நீ எங்களிடம் வாயைத் திறக்க முடியாது!

அவசரத்தில் நானே ஏணியில் ஏறி நடுக்கயிறு கட்டினேன். கொஞ்சம் கண் இருட்டியது. மாமா பிடித்துக்கொண்டார். வெயில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுவதாக இருந்தால் உள்ளே வந்து அழ வேண்டியதுதானே?

அக்கா

*

ஏப்ரல் 8

அக்கா,

சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில், பல்வலியோடு வந்த ஒரு தாத்தா என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். கடப்பாரை அண்ணனிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொல். ஓட்டுப் போடாத ஒரே ஆள் நான்தான் என்று தெருவில் எத்தனை நாள் சொல்லிச் சிரிப்பீர்களோ சிரியுங்கள். எனக்கு அது வேண்டும்தான்.

ஆனால் கண் இருட்டியதைக் கடைசி வரியில் ஒளித்து எழுதுகிறாயே! இன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஏணியில் ஏறாதே.

தேர்தல் முடிவு என்ன ஆயிற்று?

ஊசி

*

ஏப்ரல் 27

ஊசி,

நான் ஓட்டுப் போட்ட ஆள் தோற்றுவிட்டார். முதன்முதலாகப் போட்ட ஓட்டு இப்படியா ஆக வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் பாதிக்கு மேல் என் மாதிரிதான். எல்லாம் வீண் என்று முடிவே கட்டிவிட்டோம்.

மறுநாள் ஜெயித்தவர் வந்தார். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சாக்கடைத் தண்ணீர் தேங்கின இடத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார். பதவியில் இருக்கிற ஒருத்தர் நம் தெருவில் நடந்து நான் பார்ப்பது இதுதான் முதல்தடவை. உட்கார்ந்ததும் சொன்னார்: "உங்க பூத்துல எனக்குக் குறைச்சல்தான், தெரியும். ஆனா இத்தனை பேர் வந்து போட்டிருக்கீங்களே, அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் வரல. என்ன வேணும் உங்களுக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போய்க் கிளினிக் கதவைக் காட்டினேன். என் குரல் உனக்குத்தான் தெரியுமே. "உங்களுக்குப் போட்டோமா இல்லையான்னு கேட்காதீங்க. அடுத்த தடவையும் வந்து போடுவோம். அதுக்குள்ள இதைத் திறந்திருக்கணும்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. கூட வந்தவரைப் பார்த்து, "எழுதிக்க" என்றார்.

அதற்கடுத்த நாள் தோற்றவர் வந்தார்! அவரும் கிளினிக்கைப் பார்த்தார். "அவர் திறக்கலைன்னா நான் கேட்பேன்" என்றார். ஜெயித்தவர் ஒரு பக்கம், தோற்றவர் ஒரு பக்கம், நடுவில் நாம். கணக்கில் வந்துவிட்டோம்போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. திட்டாதே. முகூர்த்த நாட்கள், வேலை நெருக்குகிறது. அடுத்த மாதம்.

அக்கா

*

ஆகஸ்ட் 14

ஊசி,

மூன்று மாதத்துக்கு மேலாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுதினால் ஆஸ்பத்திரிக்குப் போனேனா என்று கேட்பாய், அதனால்தான்.

கிளினிக் திறந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டாக்டர் வருகிறார். சின்ன வயசுக்காரி, கண்டிப்பு அதிகம். நர்ஸ் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. சாக்கடை அப்படியேதான் இருக்கிறது; ஓட்டுப் போட்டதும் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. அதற்காக வாரம் ஒருமுறை ஜெயித்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். எங்களைப் பார்த்ததும் அவர் மனைவி, "பந்தல்காரங்க வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுக்கிறாள்.

நேற்று வேலைக்கு வண்டி வரத் தாமதமாயிற்று. சும்மா நிற்பதற்கு எட்டிப் பார்ப்போமே என்று நாலு வீடு தள்ளிப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தால் போயிருப்பேனா? சத்தியமாகப் போயிருக்க மாட்டேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி சுற்றினார். பிறகு இன்னொரு கையில். "எவ்வளவு நாளா தலை சுத்துது?" என்றார். சொன்னேன். "இந்த அளவு வச்சுக்கிட்டு ஏணியில ஏறிட்டு இருந்தீங்களா? ஏதோ நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே மாத்திரை எழுதினார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். கேட்டதும் அவர் ஏணியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார். இப்போது நான் கீழே நின்று கத்துவதோடு சரி. அது எனக்கு நன்றாகவே வருகிறது.

நீ சொன்னபோதே போகாததற்கு என்னைத் திட்ட வேண்டும் என்று இருக்கும். வந்து திட்டு.

அக்கா

*

ஆகஸ்ட் 25

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நானே வந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை. எங்கள் துறை அறிவிப்பைப் பார்த்து, அந்தக் காலி இடத்துக்கு ஜூலையிலேயே விண்ணப்பம் போட்டிருந்தேன். கிடைக்காவிட்டால் ஏமாந்து போவாய் என்று சொல்லவில்லை. நேற்று உத்தரவு வந்துவிட்டது. என் இடத்துக்கு இங்கே வேறொரு நர்ஸ் வருகிறாள். வேலையெல்லாம் அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறேன். இந்த மலை ஜனங்களிடமும் சொல்லியிருக்கிறேன், அவள் நிலைக்க வேண்டுமென்றால் அடுத்த தேர்தலில் இறங்கி வந்து ஓட்டுப் போடுங்கள் என்று. பல்வலித் தாத்தா முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதத்தில் டாக்டர் மறுபடி பட்டையைச் சுற்றினார் என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் படிக்காமல் நிறுத்திவிட்டேன். மறுபடி சுற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் செய்வேன். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான், அக்கா. பயம் விட்டுப்போன அழுகை.

மாத்திரையை விடாமல் சாப்பிடு. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நரைத்து, கூன் விழுந்து, காது கேட்காமல், என்னையும் மாமாவையும் பெயர் மாற்றிக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டு, அம்மா தாண்டாத வயதையெல்லாம் நீ தாண்ட வேண்டும். நீ கிழவியாவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வருகிறேன்.

உன் ஊசி